பாய்நீருக்கு ஒரு தோணி

மதிப்புக்குரிய ஐயா,

நான் பெரியகல்லாற்றைச் சேர்ந்தவள், ஆசிரியை. சென்ற வருடப் பாடசாலை விடுமுறையில் சக ஆசிரியைகளுடன் களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலவுக்குப் போய் ராஃப்டிங் செய்தேன். காற்றடைத்த படகில் எல்லோரோடும் சேர்ந்து துடுப்புப் போட்டதால் நான் எதையும் செலுத்தியதாகத் தோன்றவில்லை. நீர்தான் எங்களைக் கொண்டுபோனது. ஆனாலும் அந்த நீர் மனதை விட்டு அகலவில்லை. என் கையாலேயே ஒரு சிறு தோணியை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

ஒட்டாவாவில் இருக்கும் அண்ணா, கனூ என்னும் துடுப்புத் தோணி ஒன்றைப் பழையதாக வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். ஊர் திரும்பும் குடும்பம் ஒன்றின் கொள்கலனில் இடம் இருக்கிறதாம். இரண்டு பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று எட்டரை அடி, ஒருவருக்கானது, பாறைகளிடையே நுரைத்து ஓடும் பாய்நீருக்கென்றே செய்தது. மற்றது 16 அடி, இருவருக்கானது, ரோயலெக்ஸ் என்ற பொருளால் ஆனது. எதைக் கேட்பது? இங்கே எங்கே ஓட்டிப் பழகுவது? மாரியில் வாவி நீர் கடலுக்கு வடிய எங்கள் முகத்துவாரத்தை வெட்டிவிட்டதும் நீர் கித்துல்கலவை விட வேகமாக ஓடுகிறது. அங்கேயே பழகலாமா? நான் நன்றாக நீந்துவேன்.

— ஒரு வாசகி, பெரியகல்லாறு

அன்புள்ள மகளுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். முகத்துவாரம் வெட்டிய நாட்களில் அந்தப் பக்கம் தோணியோடு போகவே வேண்டாம்.

வேகமும் நுரையும் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கித்துல்கலவில் பாறை இருக்கிறது. ஒவ்வொரு பெரிய பாறைக்குப் பின்னாலும் நீர் ஒதுங்கி, சில வேளை மேல்நோக்கியும் மெல்லச் சுழன்று நிற்கும். அதை நான் ஒதுக்குநீர் என்று சொல்வேன். பாய்நீரில் கனூ ஓட்டுவது என்பது பெரும்பாலும் ஓர் ஒதுக்குநீரிலிருந்து அடுத்த ஒதுக்குநீருக்குப் போவதுதான். அங்கே நிற்கலாம், மூச்சு வாங்கலாம், கீழே என்ன வருகிறது என்று பார்க்கலாம். கவிழ்ந்தாலும் பாய்ச்சல் முடியும் இடத்தில் ஒரு மடு இருக்கும், பிடித்தேற ஒரு கரை இருக்கும். வெட்டிய முகத்துவாரத்தில் ஒதுங்க இடமில்லை. இரு பக்கமும் மணல், அதுவும் அரிபட்டுச் சரிந்துகொண்டிருக்கும். கீழே கடல். வாவி நீர் வெளியே பாயும் இடத்தில் அலை உள்ளே வந்து மோதி எழும்பும். அந்த இடத்தில் கவிழ்ந்தவரை ஓட்டம் வெளியேதான் தள்ளும். நீங்கள் எவ்வளவு நல்ல நீச்சல்காரி என்றாலும் அந்த நீர் உங்களைக் கரைக்குக் கொண்டுவராது.

அதே காரணத்துக்காகக் குளங்கள் வான் பாயும் இடங்களையும் தள்ளி வையுங்கள். உன்னிச்சைக் குளம் வான் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் பார்க்கப் போவோம், அது வேறு. அணையின் அடியில் விழும் நீர் திரும்பவும் அணையை நோக்கிச் சுருளும். அந்தச் சுருளில் அகப்பட்ட மரக்கட்டை மணிக்கணக்காக அங்கேயே உருண்டுகொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மரக்கட்டையின் நிலைதான் மனிதருக்கும். இயற்கைப் பாறையில் சுருள் ஓரிடத்தில் உடைந்திருக்கும், அதன் வழியே வெளியே வரலாம். மனிதர் கட்டிய நேரான அணையில் அந்த உடைப்பு இருக்காது.

இனித் தோணி. நான் 16 அடியைத்தான் கேட்கச் சொல்வேன். பாய்நீர் ஓட்டத் தெரிந்தவர்கள் பலர் இதை மறுப்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எட்டரை அடிக் கனூவின் அடிப்பகுதி வாழைப்பழம்போல வளைந்திருக்கும். துடுப்பை ஒருமுறை இழுத்தால் முழுதாகத் திரும்பிவிடும். நெருக்கமான பாறைகளிடையே அது வரம். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் இருப்பது ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமான மட்டக்களப்பு வாவி. வருடத்தில் இரண்டு தடவை கித்துல்கலவுக்குப் போவீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற எல்லா நாளும் ஓட்டப்போவது வாவியில். அங்கே கச்சான் காற்று வீசும்போது அந்தக் குட்டிக் கனூ நேராகப் போகாது. ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, தோணி விறாந்தையில் கிடக்கும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. 16 அடியில் இருவர் ஏறலாம். இந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. கூட வந்த ஆசிரியைகளில் ஒருத்திக்காவது உங்கள் ஆசை தொற்றியிருக்கும், அவளை முன்னால் ஏற்றுங்கள்.

அண்ணாவிடம் சில அளவுகள் எடுக்கச் சொல்லுங்கள். கனூவைச் சமதரையில் வைத்து, இரு நுனியிலும் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் நமக்குப் போதும்: ஆற்றில் திரும்பும், வாவியிலும் நேராகப் போகும். நுனியிலிருந்து நுனிவரை ஒரே கோடாகத் தரையில் படிந்தால் அது ஏரித் தோணி, அதை விட்டுவிடலாம். நடுவில் ஆழம் 38 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு அலையும் உள்ளே வந்துவிடும். அடியில் வெளியே நீட்டிய ஏராக்கட்டை இருந்தால் வாங்க வேண்டாம். அது பாறையில் தடக்கும், தோணி பக்கவாட்டில் நகர்வதையும் தடுக்கும். பாய்நீரில் பக்கவாட்டில் நகரத் தெரிவதுதான் பாதி உயிர்காப்பு.

ரோயலெக்ஸ் என்பது பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே நுரைப்பொருளை வைத்து ஒட்டியது. பாறையில் மோதினால் நெளிந்து மீளும். 2014 உடன் அதன் உற்பத்தி நின்றுவிட்டதால் இப்போது கிடைப்பதெல்லாம் பழையதுதான். கனடாக் குளிரில் வெளியே கிடந்த கனூவில், விளிம்புச் சட்டம் மரமாக இருந்தால், அந்தச் சட்டத்தின் கீழே வெடிப்பு ஓடியிருக்கும். விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகு அதன் எதிரி வெயில். தென்னையின் கீழே கவிழ்த்து வைத்தால் போதாது, கூரைக்குள் வையுங்கள்.

கனூவை விட முக்கியமானது அதன் உள்ளே கட்டும் காற்றுப் பைகள். இதை நான் பட்டு அறிந்தேன். கனடாவில் இருந்த நாட்களில் மடவாஸ்கா ஆற்றில் பால்மர் ரேபிட்ஸ் என்ற இடத்தில்தான் பழகினேன். தொடக்கக்காரருக்கு அதைவிடக் கனிவான பாய்நீரை நான் பார்த்ததில்லை. உங்கள் அண்ணா அங்கே போய்ப் பழகிவிட்டு வந்தால் உங்களுக்கு ஒரு ஆசான் வீட்டிலேயே கிடைப்பார். மூன்றாவது கோடையில் துணிவு கூடி, பை கட்டாத ஒரு 16 அடிக் கனூவில் நண்பர் ஒருவரோடு கீழே இறங்கினேன். கனூ பக்கவாட்டில் ஒரு பாறையில் அணைந்தது. பயத்தில் பாறையை விட்டு விலகிச் சாய்ந்தேன். மேலிருந்து நீர் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்தது, மறுகணம் ஆறு உள்ளே இருந்தது. நீர் நிறைந்த 16 அடிக் கனூவின் எடை அரைத் தொன்னைத் தாண்டும். அந்த எடையை ஆறு பாறையில் அழுத்த, கனூ கண் முன்னே மடிந்தது. நாங்கள் இருவரும் கீழ்நீர்ப் பக்கத்தில் விழுந்திருந்தால் அதற்கும் பாறைக்கும் நடுவில் இருந்திருப்போம். பாறை வந்து அணைந்தால் பாறையை நோக்கிச் சாய வேண்டும், கட்டிப்பிடிப்பதுபோல. உடம்பு அதற்கு எதிராகத்தான் செய்யச் சொல்லும். அதனால்தான் பழக்கம் வேண்டியிருக்கிறது.

முன்னும் பின்னும் பெரிய காற்றுப் பைகளை நிரப்பிக் கயிற்றால் கட்டிவிட்டால், நீர் புகுவதற்கு இடமே குறைந்துவிடும். கவிழ்ந்தாலும் தோணி மிதந்து வரும். பைகளையும், நல்ல நுரை அடைத்த உயிர்காப்புச் சட்டை ஒன்றையும், தலைக்கவசத்தையும் அண்ணா கனூவுக்கு முன்பே வாங்கட்டும். பணம் போதாவிட்டால் கனூவை அடுத்த வருடம் வாங்கலாம். சட்டையைப் போட்டு இறுக்கிய பிறகு, யாராவது தோள் பட்டியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அது காதுவரை ஏறினால் உங்களுக்கு உரியது அல்ல.

எங்கே பழகுவது என்றால், வாவியில்தான். நான் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்தவன். மண்முனையில் 2014இல் பாலம் வரும் வரை துறை கடந்துதான் பட்டணம் போனோம். மாரியில் நீர் ஓடும்போது அப்பா தோணியை அக்கரைத் துறைக்கு நேரே விட மாட்டார். ஓட்டம் வரும் பக்கம் நுனியைக் கொஞ்சம் திருப்பி, துறைக்கு மேலே இருக்கும் ஒரு மரத்தைப் பார்த்து வலிப்பார். தோணி சாய்வாக நகர்ந்து சரியாகத் துறையில் போய் அணையும். பல வருடம் கழித்து, பால்மர் ரேபிட்ஸில் ஒரு பயிற்றுநர் இதையே அரை நாள் கற்பித்தார். ஓட்டத்தை எதிர்நோக்கி, கோணம் வைத்து, கீழே இழுபடாமல் ஆற்றைக் குறுக்கே கடப்பது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா செய்ததற்கு அந்த நாட்டில் ஒரு பாடம் இருந்தது.

ஆகவே முதல் ஆறு மாதம் பெரியகல்லாற்றின் வாவிப் பக்கத்தில், விடிந்ததும், காற்று எழ முன்னர். இருக்கையில் இருந்து ஓட்டாதீர்கள், முழங்காலில் நில்லுங்கள். முழங்கால் இரண்டும் அகன்று தோணியின் அடியில் ஊன்றியிருந்தால் உங்கள் இடுப்பு தோணியின் இடுப்பாகிவிடும். ஒரே பக்கத்தில் துடுப்புப் போட்டு நேராகப் போகப் பழகுங்கள். பிறகு இரண்டு கம்புகளை நட்டு அவற்றைச் சுற்றித் திரும்புங்கள். கச்சான் வீசும் பின்னேரங்களில் கரையோரமாகக் காற்றுக்குக் கோணம் வைத்துக் கடந்து பாருங்கள்; ஓடும் நீர் இல்லாத இடத்தில் காற்றுத்தான் நமக்கு ஆறு. வேண்டுமென்றே கவிழுங்கள், இடுப்பளவு நீரில், பலமுறை. வாவியில் முதலை இருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீனவர்களிடம் கேட்டு இடத்தைத் தெரிவு செய்யுங்கள், அவர்களுடைய வலைக்கும் கட்டுக்கும் தள்ளி நில்லுங்கள்.

அம்பாறைப் பக்கம் ஹெட ஓயா, கும்புக்கன் ஓயா என்று சிலர் சொல்வார்கள். அவை யானைக்கும் முதலைக்கும் உரிய ஆறுகள். மழைக்கு வெள்ளம், கோடையில் மணல். நமக்கு அங்கே வேலையில்லை.

ஆறு மாதம் கழித்துக் கித்துல்கல. பாய்நீரை உலகெங்கும் ஆறு தரங்களாகப் பிரிக்கிறார்கள். களனி கங்கையின் அந்தப் பகுதி வழமையாக இரண்டு, மூன்றாம் தரம். மூன்றாம் தரம் தொடக்கக்காரருக்கு இல்லை. இரண்டாம் தரப் பாய்ச்சல் ஒன்றை மட்டும் தெரிவு செய்து, அதையே நாள் முழுக்க ஏறி இறங்கிப் பழகுங்கள். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போவது நல்லது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அந்த ஆறு வேறு ஆறாகிவிடும். மேலே மின் நிலையங்கள் இருப்பதால், மழை இல்லாத நாளிலும் நீர்மட்டம் மாறும். ஆகவே காலையில் அங்குள்ள வழிகாட்டிகளிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. முதல் பயணத்துக்குக் கனூவைக் கொண்டுபோகவும் வேண்டாம். வழிகாட்டி ஒருவரோடு ராஃப்டில் மீண்டும் ஒருமுறை இறங்கி, இம்முறை ஒதுக்குநீர்களை மட்டும் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

நன்றாக நீந்துவேன் என்று எழுதியிருந்தீர்கள். ஓடும் நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களைக் கீழ்நீர்ப் பக்கம் நீட்டி, பாத நுனி நீர்மட்டத்தில் தெரிய மிதக்க வேண்டும். எழுந்து நிற்க முயலக் கூடாது. வாவியில் வளர்ந்த நமக்குக் கால் தரையைத் தொட்டதும் நிற்கத்தான் தோன்றும். பாறைகளிடையே பாதம் செருகிக்கொண்டால் ஓட்டம் உடம்பை முன்னே தள்ளி அழுத்திவிடும், முழங்கால் தாண்டிய நீரே போதும் ஒருவர் இறந்துபோக. ஓட்டத்தின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்துக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அதைக் கண்டால் புரண்டு, எதிர்ப்பக்கக் கரையை நோக்கி முழுப் பலத்தோடு நீந்துங்கள். நீர் அதன் கொப்புகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் போக முடியாது.

அண்ணா அளந்ததும் எழுதுங்கள், விளிம்புச் சட்டத்தின் படம் ஒன்றையும் சேர்த்து. சுங்கத் தீர்வையை அனுப்புவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். முழங்காலுக்கு வைக்கும் நுரை மெத்தையை அவர் அனுப்ப வேண்டியதில்லை, அதை இங்கேயே வெட்டி ஒட்டிவிடலாம். பசை நன்றாகக் காய இரண்டு நாள் விட வேண்டும்.