ஓட்டும்போது கண் சொருகுதா? பெங்களூரு ஓட்டுநர் பயிற்சியாளரிடம் கேட்டவை

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி, நிறுவன ஊழியர்): சி.எஸ்.ஆர். (நிறுவனம் சமூகப் பணிக்கு ஒதுக்கும்) பணத்தில், டிராஃபிக் போலீஸோடு சேர்ந்து எங்கள் கேப் டிரைவர்களுக்குத் தூக்கக் கலக்கம் பற்றி வகுப்பு நடத்தப்போகிறோம். என்ன சொல்லித் தரலாம்?

பதில்: தூக்கம் வருவது டிரைவருக்கே தெரியும் சார். அவருக்கு டூட்டி போடுகிற டிரான்ஸ்போர்ட் மேனேஜரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். நாளுக்கு 8 மணி நேரம், 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. உங்கள் ரோஸ்டர் அப்படியா இருக்கிறது? நைட் டூட்டி முடித்தவரைக் காலை 10 மணிக்கு வகுப்புக்குக் கூப்பிட்டால், தூக்கம் பற்றிய வகுப்பே அவர் தூக்கத்தைத் தின்றுவிடும்.

மும்பை-புனே விரைவுச் சாலையைப் பாருங்கள். அங்கே விபத்துச் சாவுகளைக் குறைக்க 2016-ல் சேவ்லைஃப் என்ற சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை, மகிந்திரா நிறுவனம், மாநில சாலை மேம்பாட்டுக் கழகம், நெடுஞ்சாலைப் போலீஸ் எல்லாம் கைகோத்தபோது வகுப்போடு நிற்கவில்லை. சாலையின் ஆபத்தான இடங்களைச் சரிசெய்தார்கள், ஆம்புலன்ஸ் ஏற்பாட்டையும் பார்த்தார்கள். பேனரும் டீ-ஷர்ட்டும் மட்டும் என்றால் அந்தப் பணத்தில் டிரைவர்கள் படுக்க ஒரு அறை கட்டிக் கொடுங்கள்.

கேள்வி (கலாசிபாளையம், ஆம்னி பஸ் டிரைவர்): மதுரை ட்ரிப்பில் விடியற்காலை 3 மணிக்குக் கண் சொருகுதுண்ணே. பாட்டு, ஜன்னல் காத்து எதுவும் கேட்கலை.

பதில்: கேட்காது தம்பி. 2 முதல் 5 வரை உடம்பே தூங்கச் சொல்கிற நேரம். 80 கி.மீ. வேகத்தில் 4 விநாடி கண் மூடினால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் தானாக ஓடும். டோல்கேட் தாண்டி வெளிச்சமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிஷம் படுங்கள். காபி வேலை செய்ய அவ்வளவு நேரமாகும், எழும்போது இரண்டும் கைகொடுக்கும். பயணிகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

கேள்வி (அல்சூர், இல்லத்தரசி): வீட்டுக்காரர் ஏர்போர்ட் டாக்ஸி ஓட்டுகிறார். 7 மணி நேரம் தூங்கியும் சிக்னலில் நின்றால் கண் அசந்துவிடுகிறதாம். குறட்டை வேறு பலமாக இருக்கிறது.

பதில்: இது வகுப்பில் தீராதும்மா. தூங்கும்போது நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுகிறாரா என்று கவனித்து, டாக்டரிடம் சொல்லுங்கள். நான் பார்த்த இலவச முகாம்களில் கண்ணையும் சர்க்கரையையும் பார்ப்பார்கள். குறட்டையை யாரும் கேட்பதில்லை.

கேள்வி (சிவாஜிநகர், லாரி உரிமையாளர்): தூக்கம் வந்தால் பீப் அடிக்கும் கேமரா மாட்டினால் போதாதா?

பதில்: பீப் அடித்ததும் வண்டியை நிறுத்த உங்கள் ஆளுக்கு அனுமதி உண்டா? லோடு லேட்டானால் படிக்காசைப் பிடிப்பீர்கள் என்றால், மறுநாளே கேமராமேல் டேப் ஒட்டியிருக்கும்.