இடுப்பு இரண்டரை அங்குலம் குறைந்தது, எடை மட்டும் அசையவில்லை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 46 வயது. நான்கு மாதமாகக் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும், டம்பெல் பயிற்சியும் உண்டு. ஆரம்பத்தில் 68 கிலோ, இப்போதும் 68 தான். ஆனால் இடுப்பு 38 அங்குலத்திலிருந்து 35½க்கு வந்துவிட்டது. அளவு ஜாக்கெட் தொளதொளவென்று இருக்கிறது. எடை மெஷின் பழுதா?
– வாசகி, காமராஜர் சாலை, மதுரை

பதில்: மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது, சகோதரி. உங்கள் உழைப்பும் வீண் போகவில்லை. உடம்பில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும். அந்தச் சரக்கு என்ன, எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

“கொழுப்பை விடத் தசை அடர்த்தியானது” என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை: ஒரு கிலோ கொழுப்பு சுமார் 1.1 லிட்டர் இடத்தை அடைக்கும், ஒரு கிலோ தசைக்கு 0.95 லிட்டர் போதும். ஆனால் உங்கள் இரண்டரை அங்குலத்துக்கு இந்தச் சின்ன வித்தியாசம் மட்டும் காரணமாகாது. கொழுப்பு வயிற்றிலிருந்து போயிருக்கிறது. வந்து சேர்ந்த தசையும் தண்ணீருமோ தொடை, பின்புறம், முதுகு, தோள் என்று பரவலாகச் சேர்ந்திருக்கின்றன. பெரிய காரணம் இந்த இடமாற்றம்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். இடுப்பை ஓர் உருளையாக வைத்துக்கொண்டால், 38 அங்குலம் 35½ ஆகும்போது ஒரு சாண் உயரத்தில் சுமார் இரண்டு லிட்டர் குறைகிறது. கொழுப்பாக எடை போட்டால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதே அளவு வேறு எங்கோ ஏறியிருப்பதால்தான் முள் 68லேயே நிற்கிறது. ஏறியது முழுக்கத் தசை என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு மாதத்தில் அவ்வளவு தசை சேராது. பயிற்சி செய்யும் தசை மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கும்; ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் தங்கும். தொடர்ந்து நடப்பதால் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். புதிதாகப் பயிற்சி செய்து கால் வலிக்கும் நாட்களில் தசை நீர் கோத்துக்கொள்ளும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான்.

இனி, அளப்பதில் நடக்கும் தவறுகள். நிறையப் பேர் பாவாடை நாடா பதிந்த தடத்திலேயே டேப்பைச் சுற்றுகிறார்கள். நாடா கட்டும் இடம் நாளுக்கு நாள் மேலும் கீழும் நகரும், அளவும் கூடவே மாறும். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் அளக்க வேண்டும். காலைக்கடன் முடித்து, சாப்பிடும் முன், துணி குறுக்கே வராமல் அளங்கள். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில் அளவைப் படியுங்கள். டேப் முதுகுப் பக்கம் சரிந்துவிடும், கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். இருமுறை அளந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை அளங்கள். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும், அளவைக் குறைத்துக் காட்டும். ஸ்டீல் ஸ்கேலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

மெஷினை மிதியடி, பாய் மேல் வைக்கக் கூடாது; கெட்டியான சமதரையில், எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒரு நாள் எடையைப் பார்க்காமல், ஏழு நாள் காலை எடையின் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 35½ அங்குலம் என்பது 90 செ.மீ. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனாலே சர்க்கரை, ரத்த அழுத்த ஆபத்து கூடுகிறது. ஆகவே இன்னும் தூரம் இருக்கிறது. டேப் அளவு இறங்கிக்கொண்டே இருக்கும் வரை இதே வழியில் போங்கள். ஆறு வாரம் எடையும் டேப்பும் இரண்டுமே நகராவிட்டால், இரவில் ஒரு தோசையைக் குறைத்து ஒரு கிண்ணம் சுண்டல் சேருங்கள். இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடாதீர்கள், சாப்பாடு ரொம்பக் குறைந்தால் தசையும் கரையலாம்.

கேள்வி: ஞாயிறு இரவு பரோட்டா, சால்னா சாப்பிட்டேன். திங்கள் காலை ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. ஒரே இரவில் இவ்வளவு கொழுப்பா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி மிச்சப்பட வேண்டும். ஒன்றரை கிலோவுக்கு 11,000க்கு மேல். ஒரு வேளையில் யாராலும் அவ்வளவு சாப்பிட முடியாது. சால்னாவின் உப்பு நிறுத்தி வைத்த தண்ணீர், மைதா கிளைகோஜனாகும்போது கூட வந்த தண்ணீர், இன்னும் குடலில் இருக்கும் சாப்பாடு, மூன்றும் சேர்ந்த எடை அது. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். திங்களன்று பட்டினி கிடக்க வேண்டாம்.

கேள்வி: வயது 61. பத்து வருடமாக 70 கிலோவிலேயே இருக்கிறேன். ஆனால் பேன்ட் இடுப்பில் இறுக்குகிறது, தொடை மெலிந்துவிட்டது. எடை கூடாததால் பயமில்லைதானே?
– வாசகர், மேலூர்

பதில்: முதல் கேள்வி கேட்ட சகோதரிக்கு நடந்ததன் தலைகீழ் இது, ஐயா. கவலைப்பட வேண்டியதும் இதுதான். வயதாக ஆகத் தசை கரைகிறது, அந்த எடைக்கு ஈடாக வயிற்றுக்குள் கொழுப்பு ஏறுகிறது. ஆண்களுக்கு இடுப்பு எல்லை 90 செ.மீ. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். சில வாரங்களிலேயே வயிறு பெருத்திருந்தாலோ, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ அது வேறு கோளாறு. தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், சுவரோரம் நாற்காலி போட்டு, கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். மூச்சு சீரானதும் இன்னும் இரண்டு சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். முழங்கால் வலித்தால் நாற்காலி மேல் கெட்டியான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். உங்கள் எடைக்குத் தினம் 70 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் பாசிப்பயறில் சுமார் 12 கிராம். சோறும் ரசமுமாகச் சாப்பிட்டால் பாதிகூடத் தேறாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.