எதிர்வீட்டு வாசல் என் கேமராவில் தெரிகிறது: அகற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி: வீட்டின் அலாரம் அமைப்போடு இணைத்து, வெளிச்சுவரில் பேட்டரியில் இயங்கும் வயர்லெஸ் கேமரா ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். அசைவு ஏற்பட்டால் மட்டும் அது காட்சியையும் ஒலியையும் பதிவுசெய்து கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும். தங்கள் வாசலும் மாடி ஜன்னலும் அதில் தெரிவதால் கேமராவை அகற்ற வேண்டும், இதுவரையிலான பதிவுகளை எல்லாம் அழிக்க வேண்டும் என்று எதிர்வீட்டார் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய வாசலை நான் ஏற்கெனவே அசைவு மண்டலத்திலிருந்து (கேமரா அசைவைக் கவனிக்கும் பகுதியிலிருந்து) நீக்கிவிட்டேன். என் வாகனத்தைத் திருட முயன்றவரின் காட்சியும் அந்தப் பதிவுகளில் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வழக்கறிஞர் நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவு அல்ல, அது கேட்பதையெல்லாம் உடனே செய்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. சொந்தச் சுவரில், சொந்தப் பாதுகாப்புக்காகக் கேமரா வைப்பதைச் சட்டம் தடுக்கவும் இல்லை. ஆனால், கேமரா எந்தச் சுவரில் இருக்கிறது என்பதைவிட, அதன் கண்ணுக்கு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். அந்த இடத்தில் உங்கள் நிலை இன்னும் பலவீனமாகவே இருக்கிறது.

அசைவு மண்டலத்திலிருந்து அவர்களுடைய வாசலை நீக்கிவிட்டதால் அது பதிவாகாது என்று நீங்கள் கருதுவதுபோல் தெரிகிறது. அது சரியல்ல. அந்த அமைப்பு தீர்மானிப்பது எங்கே அசைவு நடந்தால் கேமரா விழிக்க வேண்டும் என்பதை மட்டுமே. உங்கள் வாசலில் ஒருவர் நடந்து, அதனால் கேமரா விழித்துக்கொண்டால், லென்ஸின் பார்வைக்குள் இருக்கும் முழுக் காட்சியும், எதிர்வீட்டு வாசலும் ஜன்னலும் உட்பட, பதிவாகிவிடும். நேரலையாகப் பார்க்கும்போதும் அவை தெரியும். காட்சியின் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கறுப்பாக மறைக்கும் வசதி இதிலிருந்து வேறுபட்டது. பல கேமராக்களில் அது தனி அமைப்பாகவே இருக்கும். உங்கள் கேமராவில் இருந்தால் இன்றே அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கேமராவைத் தாழ்வாகச் சாய்த்து, உங்கள் எல்லைக்குள் மட்டும் பார்க்கும்படி இடம் மாற்றுங்கள். இந்த வகைக் கேமராக்கள் பெரும்பாலும் உடல் வெப்பத்தை உணரும் சென்சாரைக் கொண்டே விழிக்கின்றன என்பதால், கோணத்தைச் சுருக்கினால் தேவையற்ற அலாரங்களும் குறையும். உங்கள் பாதுகாப்பில் எந்த இழப்பும் இல்லை.

இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ ஒருவர் கையாளும் தரவுகளுக்கு விலக்கு அளிக்கிறது. இந்த விலக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்துள்ளது. எதிர்வீட்டார் தடை உத்தரவு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தை நாடினால், தங்கள் வாதத்தை அந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குவார்கள். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது அந்த மாடி ஜன்னல். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எதிர்பார்க்கும் சூழலில் அந்தரங்கச் செயலில் ஈடுபட்டிருக்கும் பெண்ணைப் படமெடுப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவின்படியும், ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளின் படத்தை அவருடைய சம்மதமின்றித் தெரிந்தே எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படியும் குற்றங்கள். உங்களுக்கு அப்படிப்பட்ட நோக்கம் துளியும் இல்லை என்பதை நான் ஏற்கிறேன். ஆயினும், ஜன்னல் தெரிகிறது என்று எழுத்துமூலம் அறிவிக்கப்பட்ட பிறகும் கோணத்தை மாற்றாமல் இருந்தால், தெரியாமல் நடந்தது என்று பின்னாளில் சொல்ல முடியாது.

வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் நீதிபதிகளின் சிந்தனைப் போக்கை அவை காட்டுகின்றன. செக் நாட்டில் வீட்டு ஜன்னல் உடைக்கப்பட்டதால் கேமரா வைத்த ஒருவரின் வழக்கில், பொது நடைபாதையையும் எதிர்வீட்டு நுழைவாயிலையும் அந்தக் கேமரா பதிவுசெய்ததால் அதை முற்றிலும் வீட்டுத் தேவை என்று கொள்ள முடியாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014இல் கூறியது. அதே நேரத்தில், சொத்தையும் குடும்பத்தையும் காக்கும் நியாயமான நலனையும் கருத்தில் கொள்ளலாம் என்றது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு மாவட்ட நீதிமன்றம் 2021இல் விசாரித்த அண்டை வீட்டார் வழக்கில், காட்சியைவிட ஒலிப்பதிவுதான் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. காட்சி எட்டாத தூரத்துப் பேச்சையும் அந்தக் கருவிகளால் பிடிக்க முடிந்ததே அதற்குக் காரணம். திருடனை அடையாளம் காண அடுத்த வீட்டாரின் உரையாடல் எதற்கு என்ற கேள்விக்கு உங்களிடமும் பதில் இருக்காது. ஆகவே ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள்.

பதிவுகளை அழிக்கும் கோரிக்கைக்கு வருகிறேன். எதையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். தகராறு எழுந்த பிறகு பதிவுகளை அழித்தால், உங்களுக்குப் பாதகமானவற்றை மறைத்தீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நீங்களே இடம் கொடுத்தவராவீர்கள். திருட்டு முயற்சிக்கான சான்றும் போய்விடும். கிளவுடில் சேமிக்கப்படும் காட்சிகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு தாமாகவே அழிந்துவிடும் என்பதால், திருட்டு முயற்சிக் காட்சியின் மூலக் கோப்பை இப்போதே பதிவிறக்கம் செய்து தனியாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிய பிரதியை மூலமாக நினைக்க வேண்டாம். அது சுருக்கப்பட்ட வேறொரு கோப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் பிரதியைத் தாக்கல் செய்யும்போது கோப்பின் ஹேஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும், கைரேகை போன்ற குறியீட்டை) குறிப்பிடும் சான்றிதழ் தேவை. அதில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு ஒரு பகுதியும் நிபுணருக்கு ஒரு பகுதியும் உண்டு.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கும் தயாராக இருங்கள். பேட்டரிக் கேமரா தொடர்ந்து பதிவுசெய்வதில்லை. அசைவை உணர்ந்து விழிக்கச் சிறிது நேரம் எடுக்கும், ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓய்வு இடைவெளியும் இருக்கலாம். எனவே நிகழ்வின் தொடக்கம் விடுபட்டிருக்கவோ நடுவில் துண்டு விழுந்திருக்கவோ வாய்ப்பு உண்டு. காட்சி வெட்டப்பட்டது என்று வாதிடுவார்கள். உங்கள் கேமரா அலாரத்தோடு இணைந்திருப்பது அப்போது கைகொடுக்கும்: அலாரம் ஒலித்த நேரம், கதவு சென்சார் இயங்கிய நேரம் ஆகியவை அமைப்பின் நிகழ்வுக் குறிப்பில் இருக்கும். அதையும் சேர்த்துச் சேமித்துக் காவல் நிலையத்தில் புகாரோடு கொடுங்கள். குடியிருப்போர் குழுக்களில் அந்தக் காட்சியைப் பகிர வேண்டாம். ஆளைத் தவறாக அடையாளம் காட்டிவிட்டால் அவதூறு வழக்கு உங்கள்மேல் வரும்.

நோட்டீஸில் குறிப்பிட்டுள்ள காலக்கெடுவுக்குள் உங்கள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். கேமராவின் நோக்கம் பாதுகாப்பு மட்டுமே என்பதையும், எந்தத் தேதியில் கோணத்தை மாற்றி, பகுதியை மறைத்து, ஒலியை அணைத்தீர்கள் என்பதையும் அதில் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் கேமரா காட்டும் காட்சியைத் தேதியோடு படமாக எடுத்து வைத்துக்கொண்டு, இப்போது தெரிவதை எதிர்வீட்டார் நேரில் வந்து பார்க்கலாம் என்று அழையுங்கள். திருட்டு முயற்சிக் காட்சியைத் தவிர, அவர்கள் வீடு தெரியும் பழைய பதிவுகளை இரு தரப்பும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்ட பிறகு அழிக்கத் தயார் என்றும் அதிலேயே குறிப்பிடுங்கள்.