காய்ச்சல் இறங்கிய நோயாளியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

கேள்வி: சேலத்தில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வார்டில் வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துச் சரியாகவே எழுதுகிறேன். ஆனால் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் வந்து, "இந்த நோயாளியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் வாயடைத்து நிற்கிறேன். கேர் பிளானையும் கைடைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் ஏற்காட்டில் சமுதாய நலப் பயிற்சி; வீடு வீடாகப் போகும்போது பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது. சிந்தித்து முடிவுக்கு வரும் திறனை எப்படி வளர்ப்பது? தவறாகச் சொல்லிவிட்டால்?

பதில்: உங்களிடம் பாட அறிவு குறைவு என்று நான் நினைக்கவில்லை. அளவுகளை எடுக்கும்போது நீங்கள் மனத்துக்குள் கேட்டுக்கொள்வது பெரும்பாலும் "இது நார்மலா?" என்ற ஒரே கேள்வியாக இருக்கும். அதற்கு ஆம், இல்லை என்பதற்கு மேல் விடை கிடையாது. ஆகவே பேசவும் ஒன்றும் இருப்பதில்லை. இன்ஸ்ட்ரக்டர் எதிர்பார்ப்பது, இந்த நோயாளிக்கு, இந்த நோயின் இந்த நாளில், நேற்று இருந்த நிலையோடு ஒப்பிட்டால் இந்த எண் எதைக் காட்டுகிறது என்பதை.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். டெங்குவுக்காக அனுமதிக்கப்பட்ட 19 வயது இளைஞருக்குக் காய்ச்சல் தொடங்கி இன்று 5ஆம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாட்களாக 39 டிகிரி செல்சியஸில் நின்ற காய்ச்சல் இன்று காலை 36.8க்கு இறங்கிவிட்டது. நாடி 108, இரத்த அழுத்தம் 104/86, மூச்சு 20, ஆக்சிஜன் அளவு 98 விழுக்காடு. உடனிருக்கும் தாய்க்கு நிம்மதி. வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள் என்று கேட்கிறார். எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் நாடி சற்று அதிகம் என்பதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது.

ஆனால் டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே, பொதுவாக 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள், இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) கசியும் ஆபத்துக் கட்டம் தொடங்கும் நேரம். காய்ச்சல் இறங்கினால் நாடியும் இறங்க வேண்டும்; இங்கே இறங்கவில்லை. 104க்கும் 86க்கும் இடையிலான வித்தியாசம் 18 மட்டுமே. நாடி அழுத்தம் எனப்படும் இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால், குறைந்துவரும் இரத்த அளவை ஈடுகட்ட உடல் தன் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். அந்த இறுக்கத்தால் கீழ் அளவு மேலே ஏறுகிறது. மேல் அளவு விழுவது பிந்தித்தான் நடக்கும், அதற்குள் நேரம் கடந்துவிடும். இவ்வளவும் மனத்தில் ஓடிவிட்டால் அடுத்து எதைப் பார்ப்பது என்பது தானாகவே தெரிந்துவிடும்: கைகால் குளிர்ந்திருக்கிறதா, நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப 2 வினாடிக்கு மேல் ஆகிறதா, கடைசியாகச் சிறுநீர் எப்போது போனார், வயிற்றுவலியோ தொடர் வாந்தியோ உண்டா, ஹீமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு) ஏறிப் பிளேட்லெட் இறங்குகிறதா.

இதே எண்களை, இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டறிய உதவும் 'நியூஸ்' (NEWS) மதிப்பெண் முறையில் போட்டுப் பாருங்கள். நாடிக்கு 1, மேல் இரத்த அழுத்தத்துக்கு 1, ஆக மொத்தம் 2. அதாவது குறைந்த ஆபத்து. அந்த முறையில் நாடி அழுத்தத்துக்கு இடமே இல்லை. மதிப்பெண் முறைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நிலை மோசமாகிவரும் பலரை முன்கூட்டியே கவனிக்க அவை உதவுகின்றன. ஆனால் நோயின் எந்த நாளில் இருக்கிறோம் என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது.

செவிலியரின் முடிவெடுத்தலை அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் கிறிஸ்டீன் டானர் 2006இல் கவனித்தல், பொருள் கொள்ளுதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல் என்று நான்காகப் பகுத்தார். நோயாளியை அறிந்திருப்பதற்கு அதில் அவர் தரும் இடம் பெரிது. "இவன் இப்படிச் சோர்ந்து கிடக்கிறவன் இல்லை" என்று தாய் சொன்னால், அதையும் ஓர் அளவீடாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டுவதற்கு முன்பே கேஸ் ஷீட்டையும் முந்தைய அளவுகளையும் பார்த்து, இன்று என்ன வரும் என்று ஓர் எண்ணை மனத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். வந்த எண் அதிலிருந்து விலகினால், ஏன் என்று கேளுங்கள். முதலில் அளவையே ஐயப்பட்டு, பட்டையின் அகலம் சரிதானா என்று பார்த்து, கையால் மறுபடி எடுங்கள். பிறகு கைடை மூடிவைத்துவிட்டு உங்கள் நோட்டில் எழுதுங்கள்: கண்டது என்ன, அதற்குக் காரணம் என்று நான் நினைப்பது எது, அது சரியென்றால் அடுத்த ஒரு மணி நேரத்தில் எதைக் காண்பேன், எதைக் கண்டால் என் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வேன். கடைசிக் கேள்வியைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். மூச்சை மட்டும் தயவுசெய்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். வார்டு முழுவதும் எல்லா நோயாளிகளும் சொல்லிவைத்தாற்போல 20 முறை மூச்சுவிடும் சார்ட்டுகளைப் பார்க்காத செவிலியர் இருக்க மாட்டார். மேலே நான் எழுதிய 20 எண்ணி எழுதிய 20 என்று கொள்க.

கேஸ் ஷீட்டில் முதலில் எழுதிய நோயின் பெயர் கண்ணைக் கட்டிவிடவும் கூடும். மலையடிவாரத்துக் கிராமத்தில் தரையில் படுத்துறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு வந்தால் 'கேஸ்ட்ரைட்டிஸ்' (இரைப்பை அழற்சி) என்று எழுதிவிடுவது எளிது. அவர் இமைகளைத் தூக்க முடியாமல் பார்க்கிறார், பேச்சு குழறுகிறது என்றால், கடித்த தடமே இல்லாவிட்டாலும் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை.

ஏற்காட்டில் வேறு கணக்குகள் உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிக்காலக் காலையில் எல்லோருடைய விரலும் குளிர்ந்துதான் இருக்கும். ஆகவே குளிர்ந்த கையை மட்டும் வைத்து ஷாக் (உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலை) என்று சொல்லிவிடாதீர்கள். கையைப் போர்வைக்குள் வைத்துச் சூடேறிய பின் பாருங்கள், நெஞ்செலும்பின் மேல் அழுத்திவிட்டு நிறம் திரும்பும் நேரத்தைப் பாருங்கள். ஆக்சிமீட்டர் காட்டும் நாடியும் நீங்கள் எண்ணிய நாடியும் ஒத்துப்போகாவிட்டால் அது காட்டும் ஆக்சிஜன் அளவையும் நம்ப வேண்டாம். தூரமும் முடிவின் ஒரு பகுதிதான். வார்டில் ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி பார்க்கலாம். மாலை 4 மணிக்கு ஒரு மலைக் கிராமத்தில் அப்படிப் பொறுத்தால், பிறகு இருட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் சேலம் வர வேண்டியிருக்கும். ஆகவே வார்டில் 'கவனிப்போம்' என்று சொல்லும் நிலையிலேயே அங்கே உங்கள் மேற்பார்வையாளருக்குப் போன் செய்யுங்கள். நிலைமை அவசரமாகத் தெரிந்தால் 108ஐ அழைத்துவிட்டு அவரிடம் சொல்லுங்கள்.

தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சத்துக்கு மருந்து, சொல்லும் முறையில் இருக்கிறது. "சிஸ்டர், 12ஆம் பெட் தம்பிக்கு டெங்கு, இன்று 5ஆம் நாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் நாடி 108, பிபி 104/86, இரண்டு முறை எடுத்தேன். இரவு 11 மணிக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை. ஷாக் தொடங்குகிறதோ என்று நினைக்கிறேன். நீங்கள் ஒருமுறை பார்த்து டியூட்டி டாக்டரிடம் சொல்ல முடியுமா?" கண்டதையும் நினைப்பதையும் இப்படிப் பிரித்துச் சொன்னால், உங்கள் எண்ணம் தவறானாலும் தகவல் தவறாகாது. டிரிப் வேகத்தை மட்டும் நீங்களாக மாற்றக் கூடாது. வேலை நெருக்கடியில் அவர் "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்றால், 15 நிமிடத்தில் மறுபடி அளவெடுத்து, இரு அளவுகளையும் நேரத்தோடு குறித்து, மீண்டும் அவரிடம் சொல்லுங்கள். அப்போதும் அசைவு இல்லாவிட்டால் அந்தக் குறிப்போடு நேராக உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடமோ டியூட்டி டாக்டரிடமோ போங்கள்.