கலங்களுக்கு நடுவில் பசை ஏதும் இருக்கிறதா?

"உடம்பில் இத்தனை கோடி கலங்களும் உதிர்ந்து போகாமல் எப்படி ஒட்டியிருக்கின்றன? நடுவில் பசை ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்தரத்தில் பயோ செய்கிற பிள்ளையாக இருக்கும். டியூஷன் நோட்ஸில் இரண்டு வரியோடு தாண்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது அப்படி முடியவில்லை.

பசை என்று எதுவும் பூசப்பட்டிருக்கவில்லை. கலத்தின் மென்சவ்வை ஊடுருவி வெளியே நீட்டி நிற்கும் புரதங்கள்தான் பிடித்துக்கொள்கின்றன. பக்கத்துக் கலத்தைப் பிடிப்பவை கட்ஹெரின்கள். கல்சியத்தை எடுத்துவிட்டால் இவற்றின் பிடி தளர்ந்துவிடும். ஜப்பானின் மசதோஷி தகேய்ச்சி இவற்றைக் கண்டுபிடித்ததே அந்தக் குணத்தை வைத்துத்தான். கலங்களுக்கு வெளியே கொலாஜன், லமினின், பைப்ரோனெக்டின் என்ற புரதங்கள் எல்லாம் சேர்ந்த வலைப்பின்னல், தாயம் (matrix) என்பார்கள், இருக்கிறதே, அதைப் பிடிப்பவை இன்டெக்ரின்கள். செலெக்டின் என்ற இன்னொரு பிடிப்புப் புரதத்தை விட்டுவிட்டாய் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: தெரியும், விட்டுத்தான் எழுதுகிறேன். நான் டொக்டரும் இல்லை.

தோலில் இந்தப் பிடி சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். பெயர் டெஸ்மோசோம். ஒரு பாதி இந்தக் கலத்தில், மற்றப் பாதி அடுத்ததில். அதிலுள்ள டெஸ்மோகிளீன் என்ற கட்ஹெரினைத்தான் அம்மாவின் நோயெதிர்ப்புச் சக்தி எதிரியென்று நினைத்துத் தாக்கியது. வருத்தத்தின் பெயர் பெம்பிகஸ் வல்காரிஸ்.

முதலில் வாய்ப்புண். வெள்ளவத்தையில் காட்டிய இடத்தில் விற்றமின் குளிசை எழுதிக்கொடுத்தார்கள். மாதக்கணக்கில் உறைப்பில்லாத கஞ்சிதான் குடித்தா. பிறகு முதுகில் கொப்புளங்கள், தொளதொளவென்று, தொட்டால் உடைகிற மாதிரி. தோல் கிளினிக்கில் டொக்டர் புண்ணே இல்லாத இடத்தில் விரலை வைத்து மெல்ல அரக்கினார். மேல்தோல் வழுகி விலகியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு துண்டுத் தோலை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தப் படத்தை டொக்டர் திரையில் காட்டினார். உங்கள் கேள்விக்கான பதில் அதில் இருந்தது. மேலே இருந்த கலங்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டு உருண்டையாக மிதக்கின்றன. அடிவரிசைக் கலங்கள் மட்டும் தாயத்தைப் பிடித்தபடி வரிசையாக நிற்கின்றன. பக்கத்தைப் பிடிப்பது ஒன்று, அடியைப் பிடிப்பது வேறொன்று. ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கும். அடிப்பிடி கெடுகிற வருத்தமும் உண்டு, புல்லஸ் பெம்பிகொயிட். அதில் கொப்புளம் இறுக்கமாக இருக்கும், லேசில் உடையாது.

வாயில் ஏன் முதலில் வந்தது? டெஸ்மோகிளீனில் 1, 3 என்று வகைகள் உண்டு. வாயின் உட்தோல் பெரும்பாலும் 3ஐ நம்பியிருக்கிறது. உடம்புத் தோலில் 3 போனாலும் 1 தாங்கும். இரண்டுக்கும் எதிராகப் பிறபொருளெதிரி (antibody), அதாவது நோயெதிர்ப்புச் சக்தி தாக்குவதற்கு உண்டாக்கும் புரதம், உருவானபோதுதான் முதுகு உரிந்தது.

இதையெல்லாம் எங்கள் மாமிக்குச் சொல்லிப் பார்த்தேன். வாசலில் நின்றே "தொத்துமோ பிள்ளை?" என்று கேட்டா. தொற்றாது மாமி, அம்மாவின் உடம்பே செய்கிற வேலை என்றேன். தலையாட்டினா. போட்ட தேத்தண்ணியைத் தொடவில்லை. இன்னொருவர் நாகதோஷம், புற்றுக்குப் பால் வார்க்கச் சொன்னார். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, அம்மாவும் கோயிலுக்குப் போகிறவதான். ஆனால் உரிந்த முதுகோடு படுத்திருக்கிறவவின் காது கேட்கும்படி முற்பிறப்புப் பாவத்தைப் பற்றிப் பேசுவது என்ன பழக்கம்?

துணி விரித்தால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். வார்ட் நேர்ஸ் சொல்லித்தான் வாழையிலை வாங்கினோம். கழுவி, ஈரம் துடைத்து, நடுநரம்பைச் சீவிப்போட்டு முதுகுக்குக் கீழே விரிப்போம். எழுப்பும்போது ஒட்டாது.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டைக் கூடிய அளவில் கொடுத்தார்கள், முகம் ஊதிச் சீனியும் ஏறியது. ஸ்டீரொயிட் வருவதற்கு முன் இந்த வருத்தம் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை என்பதால் ஊதின முகத்தைப் பற்றி நாங்கள் முறையிடவில்லை. பிறகு ரிட்டுக்சிமாப் ஏற்றினார்கள். பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் பி கலங்களின் வரிசையையே அது குறைத்துவிடும். இப்போது அம்மா தோசை சாப்பிடுகிறா, சம்பலோடு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதுகிறேன். மாதாமாதம் பராமரிப்புக் காசு வாங்கும் எங்கள் ஃபிளாட்டில் அந்தக் காலம் முழுக்க லிஃப்ட் வேலை செய்யவில்லை. கிளினிக் நாளில் அம்மாவைக் கதிரையில் இருத்தித்தான் நானும் தம்பியும் தூக்கி இறக்கினோம். கமிட்டியில் கேட்டால் "பார்ட் வரவேணும்" என்பார்கள். பார்ட் இன்னும் வரவில்லை.