ஹவாய் மர நத்தைகள் ஏன் அழிகின்றன?

அகாட்டினெல்லா என்பது ஹவாயின் ஓவாஹு தீவுக் காடுகளில் மட்டுமே வாழும் மர நத்தை வகைகளின் பொதுப்பெயர். சுமார் இரண்டு சென்டிமீட்டர் ஓடு; மெருகேற்றியது போன்ற மஞ்சள், பச்சை, பழுப்பு வரிகள். முட்டையிடாமல் ஒரு தடவைக்கு ஒரேயொரு குஞ்சை ஈனும். அது வளர்ந்து ஈனுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். சொட்டுச் சொட்டாக நிரம்பும் குடத்தின் அடியில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே நடந்தது. எலிகள் வந்தன, காடும் சுருங்கியது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க 1955-இல் கொண்டுவந்து விட்ட வேட்டை நத்தை: அது சளித்தடத்தை மோப்பம் பிடித்து மரமேறி இவற்றையே விழுங்கியது. ஒரு வகையின் கடைசி நத்தையான ஜார்ஜ், 2019 புத்தாண்டு நாளில் கூண்டில் இறந்தது.

இவை இலைகளைத் தின்று மரத்தைக் கெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இலைமேல் படியும் பூஞ்சைப் படலத்தைத்தான் சுரண்டித் தின்கின்றன, இலைக்குச் சேதமில்லை.