மூன்று கிரெடிட், ஆறு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

தர்மபுரி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டேன். அரசுக் கல்லூரியில் கவுன்சிலிங்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என் மதிப்பெண்ணுக்கு பி.எஸ்சி. வேதியியல், பி.எஸ்சி. கணிதம், பி.ஏ. பொருளியல் மூன்றுமே கிடைக்கும் என்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேதியியல். பள்ளி லேபில் சால்ட் கண்டுபிடிக்கும் நாளுக்காகக் காத்திருப்பேன்.

அம்மா மாலையில் இட்லிக் கடை போடுகிறார். ஆறிலிருந்து ஒன்பதரை வரை நான் கூட நிற்க வேண்டும். வியாழக்கிழமை சந்தை, அன்றைக்கு மதியம் ஒரு மணிக்கே கடை. கல்லூரி காலை ஷிப்ட், 8.45 முதல் 1.45 வரை. வேதியியல் எடுத்தால் லேப் ரெக்கார்ட் எழுதவே நேரம் போதாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். பொருளியல்தான் லேசு, குரூப் 4-க்கும் உதவும் என்கிறான் அண்ணன். சிலபஸை எடுத்துப் பார்த்தேன். தமிழுக்கு வாரம் 6 மணி நேரம், ஆனால் 3 கிரெடிட். மேஜருக்கு, அதாவது முக்கியப் பாடத்துக்கு, 5 மணி நேரம், 5 கிரெடிட். அதிக நேரம் நடத்தும் பாடத்துக்கு ஏன் கிரெடிட் குறைவு? கடையையும் பார்த்துக்கொண்டு என்னால் எதைப் படிக்க முடியும்?

க.

அன்புள்ள க.,

கிரெடிட் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-ல் கொண்டுவந்த பொதுப் பாடத்திட்டத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் முதல் பருவம் இப்படி இருக்கும்: தமிழ் 6 மணி நேரம், ஆங்கிலம் 6, மேஜர் இரண்டு பேப்பர் தலா 5, துணைப்பாடம் 4, வேறு துறையில் எடுக்கும் என்.எம்.இ. 2, அடிப்படைப் பாடம் ஒன்று 2. வாரத்துக்கு 30 மணி நேரம். கிரெடிட்டாகப் பார்த்தால் தமிழும் ஆங்கிலமும் தலா 3, மேஜர் தலா 5, துணைப்பாடம் 3, மற்ற இரண்டும் தலா 2. மொத்தம் 23. தன்னாட்சிக் கல்லூரிகளில் ஒன்றிரண்டு மாறலாம்.

இதன் பக்கத்தில் இன்னொரு கணக்கை வையுங்கள். ஒன்றிய அரசு 2023-ல் வெளியிட்ட தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 30 மணி நேரம். வகுப்பு, லேப், வீட்டுப் படிப்பு, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் இதில் அடக்கம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், அதாவது ஆறு நாள் சுற்று பதினைந்து.

இப்போது தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். 3 கிரெடிட் என்றால் 90 மணி நேரம். வகுப்பு நடப்பதும் ஆறு பெருக்கல் பதினைந்து, அதே 90. ஆக, காதைத் திறந்துவைத்து வகுப்பில் உட்கார்ந்தால் தமிழின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. மேஜர் பேப்பர் அப்படி இல்லை. 5 கிரெடிட்டுக்கு 150 மணி நேரம், வகுப்பில் நடப்பது 75. மீதி 75 மணி நேரம் உங்கள் கையில் விடப்பட்டிருக்கிறது. அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது, யாரும் மணி அடிக்கப் போவதில்லை.

பாடத்திட்டத்தை வகுத்தவர்கள் இந்த 30-ஐ மனதில் வைத்துத்தான் மணி ஒதுக்கினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கிற கணக்கு இது. ஆனால் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் நான் பார்த்ததோடு நன்றாகவே பொருந்துகிறது. முதலாண்டில் அரியர் வைத்த பிள்ளைகளில் பலர் வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர்கள். வந்தாலே போதும் என்று நினைத்தவர்கள்.

எல்லாப் பாடத்துக்கும் இப்படிப் போட்டால் பருவத்துக்கு 690 மணி நேரம் ஆகிறது. வகுப்புக்கு 450 போனால் மீதி 240. தொண்ணூறு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம். நீங்கள் 1.45-க்குக் கிளம்பி, பேருந்து பிடித்து, சாப்பிட்டு உட்கார மூன்று, மூன்றேகால் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு ஆறு மணி. மயிரிழையில் பொருந்துகிறது. அதனால் மூன்று பாடத்தில் எதுவும் உங்களால் முடியாதது இல்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை வீட்டார் உங்களுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மாவு அரைப்பதும் காய் நறுக்குவதும் அதற்குள் நுழைந்தால் கணக்கு உடைந்துவிடும். அம்மாவிடம் இதைச் சேர்வதற்கு முன்பே பேசுங்கள். காலையில் நான்கு மணிக்கு எழுந்து படியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்பதரைக்குக் கடையை ஏறக்கட்டி, பாத்திரம் கழுவிவிட்டுப் படுக்கிற பிள்ளைக்குத் தூக்கம் வேண்டும்.

அப்புறம், மூன்று மேஜருக்கும் கிரெடிட் ஒன்றேதான், ஆனால் அவை கேட்கும் நேரத்தின் தன்மை வேறு. கணிதம் இடைவெளியில்லாத நேரத்தைக் கேட்கும். வகையீட்டு நுண்கணிதத்தில் ஒரு கணக்கோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்ப முதலிலிருந்துதான் வர வேண்டும். ஒரு வாரம் விட்டுவிட்டால் அடுத்த வாரம் நடத்துவது புரியாது. பொருளியலைத் துண்டு துண்டான நேரத்திலும் படிக்கலாம், கடையில் கூட்டம் இல்லாத கால் மணி நேரத்தில் நாலு பக்கம் புரட்டலாம். ஆனால் அண்ணன் சொல்கிற அளவுக்கு அது லேசு இல்லை. முதலாண்டிலேயே புள்ளியியல் வருகிறது, கணக்கு வேண்டாம் என்று அங்கே போகிறவர்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வாசிக்க வேண்டிய பக்கமும் அதில்தான் அதிகம்.

வேதியியலுக்கு வருகிறேன். அக்கா சொன்னதில் உண்மை இருக்கிறது. முதல் பருவத்து இரண்டு மேஜர் பேப்பரில் ஒன்று செய்முறைதான், டைட்ரேஷன்: ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு கண்டுபிடிப்பது. லேபில் எடுக்கும் அளவுகள் அப்சர்வேஷன் நோட்டில், பிறகு ரெக்கார்டில். வலது பக்கம் நோக்கம், தத்துவம், செய்முறை. இடது பக்கம் பென்சிலில் அட்டவணையும் கணக்கும். நேரம் பிடிக்கும் வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்குப் புதிதாக மூளையைக் கசக்க வேண்டியதில்லை. லேபில் நீங்களே செய்து முடித்ததை எழுதுவது அது. களைத்துப் போன நாளிலும் எழுதலாம். அன்றன்றைக்கு எழுதினால் அரை மணி, முக்கால் மணி நேரம். எட்டு பரிசோதனையைச் சேர்த்துவைத்துக் கடைசி வாரத்தில் எழுதுகிறவர்கள்தான் ரெக்கார்ட் எழுதியே செத்தேன் என்பார்கள்.

வேதியியலில் எனக்குக் கவலை தருவது வேறு. லேப் தொடர்ச்சியாகச் சில மணி நேரம் வரும். தவறவிட்டால் தோழியின் நோட்டை வாங்கிச் சரிசெய்ய முடியாது, பிப்பெட்டைப் பிடித்த கை உங்களுடையதாக இருக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த சால்ட் கூட முதலாண்டில் வராது. பொதுப் பாடத்திட்டப்படி இரண்டாம் பருவத்தில் கரிமப் பகுப்பாய்வு, மூன்றாம் பருவத்தில்தான் கனிமப் பகுப்பாய்வு. பள்ளியில் ஒரு சால்ட்டில் ஒரு நேர் அயனியையும் ஒரு எதிர் அயனியையும் கண்டுபிடித்திருப்பீர்கள். கல்லூரியில் கொடுப்பது கலவை. இரண்டு நேர் அயனி, இரண்டு எதிர் அயனி, அதில் ஒன்று பாஸ்பேட், ஆக்சலேட் மாதிரி குறுக்கே நின்று குழப்புவது. அதை வெளியேற்றினால்தான் மீதி நேர் அயனிகளைச் சரியாகத் தேட முடியும். இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஆர்வம் கூடுகிறதா, பயம் கூடுகிறதா? ஆர்வம் கூடினால் தயங்காமல் வேதியியல் எடுங்கள். என் கருத்து அதுதான். தினம் மூன்று மணி நேரத்தை மூன்று வருடம் ஒரு பாடத்துக்குக் கொடுக்கப்போகிறீர்கள். லேசான பாடம் என்பதற்காக மட்டும் அவ்வளவு நேரத்தைக் கொடுக்கவே முடியாது, இரண்டாவது பருவத்திலேயே கை சோர்ந்துவிடும்.

முதலாண்டு அட்டவணையைப் பார்த்து மூன்று வருடத்தையும் எடைபோட வேண்டாம். முப்பதில் 12 மணி நேரத்தைத் தமிழும் ஆங்கிலமும் எடுத்துக்கொள்வது முதல் நான்கு பருவம்தான். மூன்றாம் ஆண்டில் அவை போய்விடும், அந்த இடத்தில் மேஜர் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் படிக்க வேண்டிய நேரமும் அதனால் கூடலாம். கடைக்கு இன்னொரு ஆள் பார்ப்பதென்றால் அந்த வருடத்துக்குப் பாருங்கள்.

சந்தை நாள் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரி அட்டவணையில் திங்கள், செவ்வாய் என்று இருக்காது. டே ஆர்டர் ஒன்று முதல் ஆறு வரை இருக்கும். இன்றைக்கு இரண்டு என்றால் அடுத்த வேலை நாள் மூன்று, அது எந்தக் கிழமையாக இருந்தாலும். நடுவில் ஒரு விடுமுறை வந்தால் வரிசை அப்படியே ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால் லேப் எல்லா வியாழனும் வந்து மாட்டிக்கொள்ளாது, எல்லா வியாழனும் தப்பிக்கவும் செய்யாது. மாதத்தின் தொடக்கத்தில் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் டே ஆர்டர் எண்ணைப் பென்சிலில் எழுதிவைத்து, லேப் விழும் வியாழன்களை அம்மாவிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். மற்ற வியாழன்களிலும் ஒரு மணிக்குக் கிளம்புவதைப் பழக்கமாக்காதீர்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். தொண்ணூறு நாளில் 22 நாள்தான் விடுப்புக்கு இடம். காய்ச்சல், திருவிழா, கல்யாணம், துக்கம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். சந்தையன்று கடையை இரண்டரைக்குத் திறக்க முடியுமா என்று வீட்டில் கேட்டுப்பாருங்கள்.

சுமை எல்லா வாரமும் ஒன்றாக இருக்காது. பருவத்தின் கடைசியில் இரண்டாவது இன்டர்னல் தேர்வு, ரெக்கார்ட் ஒப்படைப்பு, மாடல் பிராக்டிகல், பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு, உடனே எழுத்துத் தேர்வு என்று அடுத்தடுத்து வரும். ஒற்றைப்படைப் பருவத்துக்கு அக்டோபர், நவம்பர். இரட்டைப்படைக்கு மார்ச், ஏப்ரல். இந்த வாரங்களில் மட்டுமாவது மாலைக் கடையிலிருந்து உங்களை விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். அண்ணன் இருக்கிறார் அல்லவா, அவர் நிற்கட்டும். எழுத்துப் பேப்பருக்குப் பெரும்பாலும் இன்டர்னல் 25, வெளித்தேர்வு 75. இன்டர்னலில் நல்ல மதிப்பெண் வாங்கிவைத்திருந்தால் கடைசி வார நெருக்கடி கொஞ்சம் குறையும்.

பாடங்களைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு நிறைய வாய்ப்பு இருப்பதாகச் சிலபஸில் தெரியும். நடைமுறையில் துணைப்பாடத்தைத் துறையே தீர்மானித்துவிடும். வேதியியலுக்குப் பெரும்பாலும் கணிதமும் இயற்பியலும். இயற்பியல் வரும் வருடத்தில் இன்னொரு லேப், இன்னொரு ரெக்கார்ட் என்று இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். நீங்களே எடுக்கக்கூடியது என்.எம்.இ. ஒன்றுதான். பல துறைப் பிள்ளைகள் கலந்து உட்கார வேண்டும் என்பதால் கல்லூரி முழுக்க ஒரே நேரத்தில் வைப்பார்கள். எதை எடுத்தாலும் நேரம் மிச்சமாகாது, பிடித்ததை எடுங்கள். பொருளியல் துறை ஏதாவது கொடுத்தால் எடுத்துப்பாருங்கள், அண்ணன் சொன்ன பாடத்தின் ருசியும் தெரியும்.

குரூப் 4 பற்றி அண்ணனிடம் சொல்லுங்கள். அதற்குத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. இருநூறு கேள்வியில் நூறு தமிழ், எழுபத்தைந்து பொது அறிவு, இருபத்தைந்து திறனறிவு. பதினெட்டு வயதானதும் எந்த மேஜர் படித்துக்கொண்டும் எழுதலாம். அரசு வேலை உங்கள் மனதில் இருந்தால் பார்க்க வேண்டியது பயிற்றுமொழியை. நீங்கள் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவராக இருந்து பட்டமும் தமிழ் வழியில் முடித்தால், பட்டம் கேட்கும் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. முதல் பருவத்தில் ஆங்கிலப் புத்தகத்தோடு போராடும் நேரமும் மிச்சம். மேற்படிப்புக்குப் போகும்போது ஆங்கிலக் கலைச்சொற்களைப் பழகத்தான் வேண்டும், அதற்கு முதல் வருடத்திலிருந்தே தமிழ்ச் சொல்லோடு ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழகலாம்.

கவுன்சிலிங்குக்குக் கல்லூரிக்கே போகப்போகிறீர்கள். சீட்டை உறுதி செய்வதற்கு முன் வேதியியல் துறைக்கு நடந்துபோய், அங்கே இருக்கிற இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: தமிழ் வழி வகுப்பு இருக்கிறதா, முதலாண்டு லேப் எந்த டே ஆர்டரில் எத்தனை மணிக்கு வருகிறது, 1.45-க்கு மேல் இழுக்குமா, ரெக்கார்டை வாராவாரம் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார்களா, மொத்தமாகவா. லேப் மதியம் மூன்று வரை இழுக்கும் என்று சொன்னால் அந்த நாட்களை எப்படிச் சமாளிப்பது என்று அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். அப்போதும் எனக்கு எழுதலாம்.

அன்புடன்.